சேவலைக் கொண்டையில் பார், காலில் பார், குணத்தில் பார்

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், நாட்டுக்கோழி வளர்க்கும் குழு ஒன்றின் சார்பில் பேசிய உரை. வர முடியாத சகோதரிகள் கேட்டுக்கொண்டதால் வெளியிடப்படுகிறது.)



நம்ம பக்கத்துப் பிள்ளைகளிடம் சேவல் என்று சொன்னால், வீட்டில் நிக்கிற சேவலை விட வெடிக்கட்டு மேல ஒட்டியிருக்கிற சேவல் படம்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும். சிவகாசியில் பிறந்த சேவல் மார்க் பட்டாசு அவ்வளவு பேர் வாங்கியது. இன்னைக்கு நாங்க பேசப் போறது அந்தச் சேவலைப் பத்தி இல்லை. விடிகாலையில் கூவுற, குப்பையைக் கிளறுற, சமயத்தில் நம்மளையே விரட்டிக் கொத்துற சேவலைப் பத்தி. அதை இனம் கண்டு வாங்கத் தெரியாமல் நாங்க பட்ட நஷ்டத்தையும், பிறகு கத்துக்கிட்டதையும் மறைக்காமல் சொல்றோம். நீங்க அந்தக் காசை இழக்க வேண்டாம்.

எங்கள் குழுவில் 14 பேர். பாதிப் பேர் பட்டாசு ஆலைக்குப் போறவங்க. மிச்சப் பேர் தீப்பெட்டி வேலை, காட்டு வேலை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசு பற்றித் தீர்ப்பு சொன்னது. பேரியம் நைட்ரேட் கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசுதான் செய்யணும் என்றது. அந்தத் தீபாவளி முடிஞ்சதும் ஆலைகளை மாதக்கணக்கில் மூடினாங்க. அந்த நாளில் நம்ம வீட்டு அடுப்பு எப்படி எரிஞ்சது என்று உங்களுக்கே தெரியும். ஒரே தொழிலை நம்பி இருக்கக் கூடாது என்று அப்போதான் உறைச்சது. 2019-இல் எங்களில் 5 பேர் உள்கடன் வாங்கி நாட்டுக்கோழி வளர்க்க முடிவு செய்தோம்.

வண்டியில் ஒரு வியாபாரி வந்தார். "எல்லாம் அசல் பெருவிடை, நாலு மாசத்தில் சேவல் மூணு கிலோ நிக்கும்" என்றார். ஒரு மாதக் குஞ்சு 150 ரூபாய். ஆளுக்கு 20 வீதம் 100 குஞ்சு வாங்கினோம். 15,000 ரூபாய். தடுப்பூசி போட்டாச்சா என்று கேட்டதுக்கு "எல்லாம் போட்டாச்சு" என்றார். நம்பினோம். மூணாவது வாரமே வெள்ளைக்கழிச்சல் வந்து 17 குஞ்சு போச்சு. மிச்சம் 83. அது வளர வளரத்தான் விஷயம் தெரிஞ்சது. அதில் பெருவிடை சாயல் இருந்தது ஒன்பதே ஒன்பது. மத்ததெல்லாம் பொரிப்பகத்துக் கலப்புக் குஞ்சு. கறிக்கடைக்கு எடைக்குத்தான் போச்சு, தீனிக் காசு கூட முழுசாத் திரும்பவில்லை.

வியாபாரியை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. புடவை வாங்கும்போது நூலைப் பிரித்துப் பார்க்கிற நாம், 15,000 ரூபாய்க்குக் குஞ்சு வாங்கும்போது கொண்டையைக் கூடப் பார்க்கவில்லை.

இனம் பார்ப்பது எப்படி?

முதலில் ஒன்று சொல்றோம். நிறம் வேற, இனம் வேற. காகம், வல்லூறு, ஆந்தை, மயில், கீரி, கொக்கு வெள்ளை என்று சேவலுக்கு எத்தனையோ பெயர் சொல்லுவாங்க. காகம் என்றால் கருப்பு, கீரி என்றால் கீரிப்பிள்ளை நிறம். சேவல் சண்டைக்காரங்க பஞ்சபட்சி சாஸ்திரத்தில் வரும் வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில் என்ற ஐந்து பறவையை வைத்து, எந்த நேரத்துக்கு எந்த நிறச் சேவல் ஜெயிக்கும் என்று கணக்குப் பார்ப்பாங்க. அதெல்லாம் இறகின் நிறத்துக்கு வைத்த பெயர். ஒரே தாய்க்கோழி அடையில் பொரித்த குஞ்சுகளில் ஒன்று காகமா வரும், ஒன்று கீரியா வரும். அதனால் "இது காக நிறம், அதனால அசல் இனம்" என்று யாராவது சொன்னால் பையில் இருந்து காசை எடுக்காதீங்க.

இனத்தைப் பார்க்க ஐந்து இடம் உண்டு. கொண்டை, கழுத்து, மார்பு, வால், கால்.

பெருவிடை என்று நாம் சொல்றதை அரசு புத்தகங்களில் அசில் என்று எழுதியிருப்பாங்க. அசில் என்றால் அசல், கலப்பில்லாதது என்று பொருள். ஆந்திரா, சத்தீஸ்கர், ஒடிசா பகுதிகள் இதன் தாயகம் என்று பதிவு. நல்ல அசில் சேவலுக்குக் கொண்டை சின்னதாக, பட்டாணி பதிச்ச மாதிரி தலையோடு ஒட்டி இருக்கும். வாள் மாதிரி நிமிர்ந்து நிக்கிற பல்லுக் கொண்டை இருந்தால் சந்தேகப்படணும். தாடி சின்னது. முகம் நீளம், கழுத்து நீளம், சதை தொங்காது. இறகு உடம்போடு ஒட்டி, கொஞ்சமாகத்தான் இருக்கும். மார்பில் இறகு குறைந்து தோல் சிவப்பாகத் தெரியும். தோள் அகலம், வால் பக்கம் குறுகல். வால் கீழ்நோக்கித் தொங்கும். கால் ரெண்டும் உறுதியாக, நல்லா அகட்டி நிக்கும். கையில் தூக்கினால் பார்வைக்குத் தெரியறதை விடக் கனமாக இருக்கும். வளர்ந்த சேவல் 4 முதல் 5 கிலோ, கோழி 3 முதல் 4 கிலோ வரை வரும். முட்டை குறைச்சல்தான். ஆனால் அடை உட்காருவதிலும் குஞ்சைக் காப்பதிலும் கெட்டிக்காரி.

சிறுவிடை நம்ம வீடுகளில் பாட்டி காலத்தில் இருந்து மேயற சின்னக் கோழி. உடம்பு சின்னது, சுறுசுறுப்பு அதிகம், பருந்தைக் கண்டால் ஓடி ஒளியும். தீனிச் செலவு குறைவு. எடை வராது, ஆனால் கறிக்கும் முட்டைக்கும் கிராக்கி உண்டு. சண்டைக் குணம் பெருவிடை அளவுக்கு இருக்காது. முதல் தடவை வளர்க்கிறவங்களுக்கு நாங்க இதைத்தான் சொல்லுவோம்.

கழுத்தறுத்தான் கோழி என்பது கழுத்தில் இறகில்லாத கோழி. பார்க்க அழகில்லை என்று ஒதுக்காதீங்க. இறகு குறைவாக இருப்பதால் வெயில் தாங்கும். நம்ம விருதுநகர் மாவட்ட வெயிலுக்கு இது ஏற்றது.

கருங்கோழி, அதாவது கடக்நாத், மத்தியப் பிரதேசத்து ஜாபுவா பகுதிக் கோழி. 2018-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இதில்தான் ஏமாற்று அதிகம். கருப்பு இறகு உள்ள எந்தக் கோழியையும் கடக்நாத் என்று விற்கிறாங்க. இறகைப் பார்க்காதீங்க. கொண்டை, தோல், கால், நாக்கு எல்லாம் கருத்திருக்கணும். வாயைத் திறந்து நாக்கைப் பாருங்க. இறகு கருப்பு, தோல் வெள்ளை, கொண்டை ரத்தச் சிவப்பு என்றால் அது சாதாரணக் கருப்புக் கோழி. முட்டையும் கருப்பாக இருக்கும் என்று சொல்றது பொய்.

கிளிமூக்கு விசிறிவால் சேவல் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீங்க. கிளி மாதிரி வளைந்த மூக்கு, நீண்ட வால். திண்டுக்கல் பக்கம் இதற்குக் கண்காட்சியே நடக்குது. ஒரு சேவல் லட்ச ரூபாய் என்று பேப்பரில் படித்துவிட்டு ஆசைப்படாதீங்க. அந்த விலை ஆயிரத்தில் ஒன்றுக்கு, வாங்குறவரைத் தெரிஞ்சு வைத்திருக்கிறவருக்கு. குழுக்கடனில் செய்யற தொழில் அது இல்லை.

வனராஜா ஐதராபாத் ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது. கிரிராஜா பெங்களூரில். நந்தனம் கோழி, நாமக்கல் கோழி நம்ம தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் உருவாக்கியது. இவை மோசம் இல்லை. சீக்கிரம் எடை வரும், முட்டையும் நாட்டுக்கோழியை விட அதிகம் இடும். ஆனால் அடை காக்கிற குணம் பெரும்பாலும் இருக்காது. அதை அதாகவே தெரிஞ்சு, அதற்குரிய விலைக்கு வாங்கணும். நாட்டுக்கோழி விலைக்கு வாங்கக் கூடாது. ரெண்டு ரெண்டரை மாசத்திலேயே ஒரு கிலோவைத் தாண்டுகிற குஞ்சு அசல் நாட்டுக்கோழி இல்லை என்று தெரிஞ்சுக்கங்க.

இன்னொரு விஷயம். ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பக்கம் சாம்பல் நிறக் காட்டுக்கோழி உண்டு. யாராவது அதைப் பிடித்து வந்து விற்றால் வாங்காதீங்க. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்தக் காட்டுக்கோழிக்கும் நம்ம வீட்டுக் கோழிக்கும் சொந்தம் உண்டு என்பதும் உண்மை. வீட்டுக் கோழியின் முக்கிய மூதாதை செந்நிறக் காட்டுக்கோழி. ஆனால் பல கோழிகளுக்கு இருக்கிற மஞ்சள் தோல் நம்ம தென்னாட்டுச் சாம்பல் காட்டுக்கோழியிடம் இருந்து வந்தது என்று 2008-இல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள்.

குணம் பார்ப்பது எப்படி?

எங்கள் 9 பெருவிடையில் 4 சேவல். ஒரு நாள் நாங்க ஆலைக்குப் போன நேரம் ரெண்டு சேவல் பஞ்சாரத்தைத் தள்ளிவிட்டு மோதியிருக்கு. சாயங்காலம் வந்து பார்த்தால் ஒன்று செத்துக் கிடக்கு, இன்னொன்றுக்கு ரெண்டு கண்ணும் போச்சு. 6 மாசத் தீனி ஒரு மத்தியானத்தில் போச்சு.

சாதாரணச் சேவல் சண்டை போட்டால் கொஞ்ச நேரத்தில் ஒன்று தோற்று ஓடும், ஜெயித்தது விட்டுவிடும். யார் பெரியவர் என்று முடிவானால் பிறகு சண்டை குறையும். கோழிக்கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு என்பதை நார்வே நாட்டு ஷெல்டெருப் எப்பே என்பவர் 1921 வாக்கில் எழுதினார். சின்னப் பிள்ளையில் இருந்தே கோழிகளைப் பார்த்துக் குறித்து வைத்தவர் அவர். நம்ம பாட்டிமாருக்கும் அது தெரியும், எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். பெருவிடைச் சேவலிடம் அந்தச் சமாதானம் கிடையாது. தோற்று ஓடுகிற புத்தியைக் குறைத்து, நின்று அடிக்கிற புத்தியைக் கூட்டி, தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த இனம் அது. அதனால் விட்டால் சாகிற வரைக்கும் போகும். குறை சேவல் மேல் இல்லை.

அடையாளம் சொல்றோம். கழுத்து இறகு குடை மாதிரி விரியும், தலை தாழும், ஒரு பக்க இறக்கையைத் தரையில் உரசிச் சாய்ந்து நடக்கும். இதைப் பார்த்ததும் நடுவில் ஒரு சாக்கையோ முறத்தையோ வைத்து மறையுங்க. கையை விடாதீங்க. குஞ்சுகள் விளையாட்டாக மோதுவது சில வாரத்திலேயே ஆரம்பிக்கும். மூணு நாலு மாசத்துக்குள் பெருவிடைச் சேவல்களைத் தனித்தனியாகப் பிரிக்கணும். கம்பி வலை மட்டும் போதாது. ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டே இருந்தால் வலையில் மோதியே மூக்கை உடைச்சுக்கும். இடையில் சாக்கு, ஓலை கட்டி மறைக்கணும். இடம் இல்லாத வீட்டில் ஒரு சேவல் போதும். 8 முதல் 10 கோழிக்கு ஒரு சேவல் என்பது கணக்கு.

ஆச்சரியம் என்னவென்றால், பெருவிடைச் சேவல் மனுசரிடம் பெரும்பாலும் சாதுவாக இருக்கும். குஞ்சில் இருந்து கையில் தீனி கொடுத்து வளர்த்தால் மடியில் வந்து நிக்கும். மனுசரை விரட்டிக் கொத்துகிற சேவல் எந்த இனத்திலும் வரலாம். அப்படி ஒன்று இருந்தால், அதை இனப்பெருக்கத்துக்கு வைக்காதீங்க. அந்தக் குணம் குஞ்சுக்கும் வரும். சின்னப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து விளையாடுற இடத்தில் வளர்ந்த சேவலை அவிழ்த்து விடாதீங்க. பிள்ளையின் கண் உயரமும் சேவல் முள் உயரமும் ஒன்று. முள் குத்திவிட்டால் சோப்புப் போட்டு ஓடுற தண்ணீரில் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் டி.டி. ஊசி போடணும். மஞ்சளை அப்பிவிட்டு வீட்டில் இருக்காதீங்க. முள்ளின் நுனியை மட்டும் தேய்த்து மழுங்கச் செய்யலாம். அடியோடு வெட்டக் கூடாது, உள்ளே எலும்பும் ரத்தமும் உண்டு.

8,000 ரூபாய் வந்து நின்ற நாள்

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றோம். எங்கள் குழு அக்கா ஒருவரிடம் நல்ல கீரி நிறச் சேவல் ஒன்று தேறி வந்தது. 2020 பொங்கலுக்கு முந்தின வாரம் ரெண்டு பேர் வண்டியில் வந்து, சேவலைத் தூக்கிப் பார்த்து, காலை அமுக்கிப் பார்த்து, 8,000 ரூபாய் தர்றோம் என்றாங்க. அக்காவுக்கு அப்போ குழுவில் 5,200 ரூபாய் கடன் பாக்கி. மூணு தவணை தவறியிருந்தது. வீட்டுக்காரரும் இல்லை. அவர் என்ன செய்வார்? "நாளைக்குச் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டு, ராத்திரி எங்களைக் கூப்பிட்டார்.

சேவல் எதுக்குப் போகுது என்பது எங்களுக்குத் தெரியும். சேவக்கட்டுக்கு. வெத்துக்காலில் விட்டாலும் சரி, கத்தி கட்டி விட்டாலும் சரி, பந்தயப் பணம்தான் அங்கே பெரிசு. சேவற்கட்டு பழைய வழக்கம் என்பதை நாங்க மறுக்கவில்லை. சங்க காலத்தில் குப்பைக் கோழியார் என்றே ஒரு புலவர் இருந்திருக்கிறார். குப்பைமேட்டில் விலக்கிவிட ஆள் இல்லாமல் தனியாகச் சண்டை போடுற கோழியைக் குறுந்தொகையில் பாடினதால் அந்தப் பெயர். 2011-இல் வந்த ஆடுகளம் படத்தையும் நாம் எல்லோரும் பார்த்தோம். ஆனால் 1960-ஆம் வருஷத்து பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவு, பிராணிகளை மோதவிட்டு வேடிக்கை பார்ப்பதைக் குற்றம் என்கிறது. பணம் கட்டினால் 1930-ஆம் வருஷத்து சூதாட்டச் சட்டமும் சேரும்.

அன்னைக்கு ராத்திரி எங்களுக்குள்ளே பெரிய வாக்குவாதம். "நாம கட்டு நடத்தலையே, வித்துட்டு வந்துடுவோம், கறிக்கடைக்கு வித்தாலும் சாகத்தானே போகுது" என்று ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்வி. அப்போ இன்னொரு தங்கச்சி, அதுவரை பேசாமல் இருந்தவர், சொன்னார்: "என் கம்மல் எங்க போச்சுன்னு யாரும் கேட்கலை. போன பொங்கலுக்குச் சேவல் மேல கட்டித் தோத்துட்டு வந்தாரு. இந்தச் சேவலை வித்தா அது மேலயும் நம்ம ஊரு ஆம்பளைங்கதான் கட்டுவாங்க." அதுக்குப் பிறகு யாரும் விற்கச் சொல்லவில்லை.

ஆனால் "விற்காதே" என்று சொல்லிவிட்டு எழுந்து போவது சுலபம். அக்காவின் கடனுக்கு யார் பொறுப்பு? அதையும் அன்னைக்கே பேசினோம். தவணையைப் பாதியாக்கிக் காலத்தை நீட்டித் தீர்மானம் எழுதினோம். அந்தச் சேவலை இனச் சேவலாக வைத்துக்கொள்வது, மத்த உறுப்பினர்கள் தங்கள் பெருவிடைக் கோழிகளை அதோடு சேர்த்து, பொரிக்கிற குஞ்சில் பத்துக்கு ரெண்டு அக்காவுக்குக் கொடுப்பது என்று முடிவு. அடைக்கு 10 முதல் 12 முட்டை, 21 நாள். மார்ச் மாசம் கொரோனா ஊரடங்கு வந்து ஆலை மறுபடி மூடியது. அந்த நாளில் அடை முட்டையும் குஞ்சும்தான் கைச்செலவுக்கு ஆச்சு. அக்காவின் கடன் 2021 ஆடியில்தான் அடைஞ்சது. 8,000 ரூபாய் வாங்கியிருந்தால் ஒரே நாளில் அடைஞ்சிருக்கும். அதை மறைக்கவில்லை. இன்னைக்கும் எங்கள் குழுவில் ரெண்டு பேர் "வித்திருக்கலாம்" என்றுதான் சொல்றாங்க. அந்தச் சேவல் இப்போ இல்லை. அதன் வம்சம் மூணு குழுக்களில் மேயுது.

நாங்கள் கேட்டுக்கொள்வது

குஞ்சு வாங்கப் போகும்போது ஒருத்தராகப் போகாதீங்க, மூணு பேராகப் போங்க. தாய்க்கோழியையும் சேவலையும் காட்டச் சொல்லுங்க. காட்ட மறுத்தால் திரும்பி வந்துடுங்க. தடுப்பூசி போட்டாச்சு என்ற வாய்ச்சொல்லை நம்பாமல், 7-வது நாள் சொட்டு மருந்து, பிறகு 8-வது வாரம் ஊசி என்று கால்நடை மருந்தகத்தில் கேட்டு நீங்களே போடுங்க. வருஷா வருஷம் பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்துகிற கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமை விடாதீங்க. சந்தேகம் இருந்தால் அருப்புக்கோட்டை வேளாண் அறிவியல் நிலையத்திலும், ராஜபாளையத்தில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்திலும் கேட்கலாம்.

நம்ம ஊருக்கு மட்டும் உள்ள எச்சரிக்கை ஒன்று. ஆலைக்குப் போட்டுப்போன துணியை அலசின தண்ணீரைக் கோழி குடிக்கிற இடத்தில் ஊற்றாதீங்க. மருந்து ஒட்டின காகிதம், தூள் எதுவும் மேய்ச்சல் இடத்தில் கிடக்கக் கூடாது. அடைக்கோழியை வெடிச் சத்தம் கேட்காத மூலையில் வையுங்க. பயந்து எழுந்து ஓடினால் முட்டை ஆறிப்போகும்.

கடைசியாக, எங்கள் தீர்மானத்தை இந்தக் கூட்டமைப்பின் முன்னால் வைக்கிறோம். குழுக் கடனில் வளர்த்த சேவலைச் சண்டைக்கு விற்பதில்லை. அப்படி விற்க வேண்டிய நெருக்கடி ஒரு சகோதரிக்கு வந்தால், அவர் தவணையைக் குழு கூடிப் பேசும். இந்த ரெண்டு பாதியும் சேர்ந்ததுதான் தீர்மானம். பின்பாதி இல்லாமல் முன்பாதியை மட்டும் யாரும் நிறைவேற்ற வேண்டாம்.

இருக்கன்குடிக்கு நேர்ந்து விட்ட சேவலுக்குக் கூட கொண்டையும் காலும் பார்த்து வாங்குறோம். கடனுக்கு வாங்குற சேவலுக்கு இன்னும் ரெண்டு மடங்கு பார்ப்போம்.